ஈறுகளில் இரத்தக் கசிவு: முதலில் கூறவேண்டிய காரணம்

"ஈறுகளில் இரத்தம் கசிவதற்குக் காரணம் யாது?" என்னும் வினாவை நடுநிலைப் பள்ளி வகுப்பொன்றில் எழுப்பினால், கைகள் பல உயரும், "வைட்டமின் 'சி' குறைவு" என்ற விடை ஒரே குரலில் எழும். உணவுச் சத்துகளைப் பற்றிய பாடத்தில், குறைபாட்டு நோய்களின் அட்டவணையில், ஸ்கர்வி என்ற பெயருக்கு எதிரே அவ்வாறுதான் அச்சிடப்பட்டிருக்கிறது. அவ்விடைக்கு மாணவன் பெறுவதும் முழு மதிப்பெண்ணே. விடை தவறன்று. ஆனால், அதே மாணவன் மறுநாட் காலையில் பல் துலக்கி வாய் கொப்புளித்த நீரில் செந்நிறம் கண்டால், அந்த விடை அவனுக்கு எவ்வளவு தூரம் துணை செய்யும் என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது.

பல வீடுகளில் நிகழ்வது இதுதான். சிறுவன் தான் கண்டதைப் பெற்றோரிடம் கூறுகிறான். தந்தை மருந்துக் கடையிலிருந்து புளிப்புச் சுவையுள்ள வைட்டமின் மாத்திரைகளை வாங்கி வருகிறார். தாயோ, பிரஷ் ஈற்றைக் கிழித்துவிட்டதென்று கருதி, "சில நாள் விரலாலேயே துலக்கு" என்கிறாள். மாத்திரை தீர்கிறது, கசிவு தீர்வதில்லை. சில மாதங்கள் சென்றபின் அதனை எவரும் பொருட்படுத்துவதுமில்லை. "எங்கள் குடும்பத்தாருக்கே ஈறு பலவீனம்" என்று தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் பற்கள் ஆடத் தொடங்கும்போது அதனை விதியென ஏற்றுக்கொள்கின்றனர்.

ஆகவே, இக்காரணங்களைக் கூறும் வரிசையை ஆசிரியர்களும் கள ஊழியர்களும் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். முதலில் கூறவேண்டியது, பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் நாள்தோறும் படியும் அழுக்குப் படலம். வைட்டமின் குறைவு அதற்கு நெடுந்தொலைவு பின்னே நிற்கவேண்டிய காரணம். வரிசை மாறினால் வீட்டில் நிகழ்வதும் மாறும் என்பதே இதன் பயன்.

மாலுமிகளின் நோய்

ஸ்கர்வியின் வரலாறு கற்பிக்கத்தக்க வரலாறே என்பதில் ஐயமில்லை. 1747-ஆம் ஆண்டில் 'சாலிஸ்பரி' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற மாலுமிகள் 12 பேரைத் தேர்ந்து, இருவர் இருவராக ஆறு பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவினர்க்கும் ஒவ்வொரு பொருளை மருந்தாக அளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைந்து தேறினர். 1753-இல் அவர் தம் ஆய்வை நூலாக வெளியிட்டார். எனினும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க முற்பட்டது 1795-ஆம் ஆண்டிலேதான். பழத்திலிருந்த சத்து இன்னதென விளங்குவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1928-இல் பிரித்தெடுத்த பொருளே வைட்டமின் 'சி' என்பது 1932-இல் உறுதியாயிற்று. 1937-இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

ஆயின், அம்மாலுமிகளின் உணவு யாதென்பதையும் மாணவனுக்குக் கூறுதல் வேண்டும். பல வாரங்கள், சில வேளைகளில் பல மாதங்கள், உப்பிட்ட இறைச்சியையும் உலர்ந்த பிஸ்கட்டையுமே உண்டு கடலில் கழித்தவர்கள் அவர்கள். இச்சத்து ஏறக்குறைய அறவே இன்றி ஒன்று முதல் மூன்று மாதங்கள் சென்றாலன்றி ஸ்கர்வி வெளிப்படுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் தொண்டர்களைக் கொண்டு நடத்தப்பெற்ற ஆய்வு, நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கிடைத்தாலே அந்நோய் தோன்றாது என்று காட்டியது. ஒரு கொய்யாப் பழத்தில் இதனைப்போல் பன்மடங்கு சத்து உண்டு. நெல்லிக்காயும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் முருங்கைக் கீரையும் புழங்கும் வீட்டில் மாலுமியின் நோய் எளிதில் நுழைவதில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம், அது புறக்கணிக்கத்தக்கதன்று. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பெற்று 2011-இல் வெளியான ஆய்வொன்றில், வட இந்தியப் பகுதியில் நால்வரில் ஏறத்தாழ மூவருக்கும், தென்னிந்தியப் பகுதியில் இருவரில் ஏறத்தாழ ஒருவருக்கும் இரத்தத்தில் வைட்டமின் 'சி' அளவு குறைந்திருக்கக் காணப்பட்டது. முதியோரும் வறியோரும் பழமும் கீரையும் போதிய அளவு பெறுவதில்லை என்பதற்கு இது சான்று. அதனைச் சீர்செய்வது கடமை. ஆனால், இரத்தத்தில் அளவு குறைந்திருப்பதும் ஸ்கர்வி நோய் வெளிப்படுவதும் ஒன்றல்ல.

இவ்வேறுபாட்டை ஒரு மருத்துவர் தம் உடலையே ஆய்வுக்களமாக்கிக் காட்டினார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அறுவை மருத்துவம் பயின்றுவந்த ஜான் கிராண்டன் என்பவர், வைட்டமின் 'சி' அறவே அற்ற உணவை ஆறு மாதங்கள் உண்டு வாழ்ந்தார். 1940-இல் அவ்வாய்வு வெளியாயிற்று. முடிவில் அவர் கால்களில் சிறு இரத்தப் புள்ளிகள் தோன்றின. முதுகில் வேண்டுமென்றே செய்யப்பட்ட கீறல் ஆறவில்லை. ஆயினும் ஈறுகளில் ஸ்கர்விக்கே உரியவை எனப் பாடநூல்கள் கூறும் பெருமாற்றங்கள் தோன்றவில்லை. பற்களை இழந்த ஸ்கர்வி நோயாளிகளிடமும் ஈறு வீங்கிக் கசிவது அரிது என்பதை மருத்துவர்கள் அறிவர். சத்துக்குறைவு ஈற்றின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். ஆனால் ஈற்றைப் புண்படுத்துவது பெரும்பாலும் பல்லின்மேல் படிந்திருக்கும் வேறொன்றே.

மற்றொரு 12 பேர்

அந்த வேறொன்று யாதென்பதை ஐயமற நிறுவிய ஆய்வு 1965-இல் வெளியாயிற்று. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும், நல்ல ஈறுகளையுடைய 12 பேரைப் பல் துலக்குவதை அறவே நிறுத்திவிடும்படி கேட்டுக்கொண்டனர். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறுகளில் அழற்சி தோன்றியது. பின்னர் அவர்கள் மீண்டும் முறையாகத் துலக்கத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலையை அடைந்தன.

லிண்டின் ஆய்விலும் 12 பேர். லோவின் ஆய்விலும் 12 பேர். முன்னையது பள்ளிப் பாடமாயிற்று. பின்னையது பல் மருத்துவக் கல்லூரிகளின் சுவர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. நாள்தோறும் மக்களுக்குப் பயன்படக்கூடியது பின்னையதே என்பதால், இந்நிலை வருந்தத்தக்கது.

நிகழ்வதன் முறையை மாணவர்க்கு விளக்குவது கடினமன்று. வாயில் எப்போதும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிற அழுக்கைத் தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்து நோக்கி, அதில் உயிர்கள் நெளிவதைக் கண்டு 1683-இல் எழுதினார். அந்நுண்ணுயிர்கள் பல்லின்மேல் மெல்லிய, ஒட்டும் தன்மையுள்ள படலமாக ஒன்றுகூடுகின்றன. நாவால் தடவினால் காலையில் பல் வழவழப்பின்றிச் சொரசொரப்பாக இருப்பது இதனால்தான். ஈற்றின் விளிம்பில் இப்படலம் சில நாட்கள் தங்கினால், அதிலிருந்து வெளிப்படும் பொருள்களுக்கு எதிராக உடல் தன் காப்புப் படையை அனுப்புகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஈறு சிவந்து தடிக்கிறது. அதன் உட்புறத் தோல் மெலிந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு புண்கள் உண்டாகின்றன. இந்நிலையில் பிரஷ் மெல்லப் பட்டாலும் இரத்தம் வரும். ஆக, பிரஷ் புண்ணை உண்டாக்கவில்லை. முன்னரே இருந்த புண்ணைக் காட்டிக்கொடுக்கிறது. இவ்வொரு செய்தி வீடுதோறும் சென்று சேர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படலம் அகற்றப்படாவிடில், உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து அதில் படிந்து காரையாக இறுகுகிறது. உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாயில்கள் அமைந்துள்ள இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் உட்புறத்திலும் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும், இக்காரை மிகுதியாகக் காணப்படும். காரையின் சொரசொரப்பில் புதுப் படலம் எளிதில் ஒட்டும். காலப்போக்கில் சிலருக்கு அழற்சி ஈற்றைக் கடந்து, பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கத் தொடங்குகிறது. மக்கள் 'பயோரியா' என்று வழங்குவது இதனையே.

எல்லார்க்கும் இது ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இரண்டில், பல் துலக்கும் வழக்கமில்லாத 480 ஆண் தொழிலாளரை 1970 முதல் 15 ஆண்டுகள் லோவின் குழுவினர் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களிடம் சொத்தைப் பல் மிக அரிது. ஆனால் ஈறு அழற்சியோ எல்லாரிடமும் இருந்தது. அவர்களுள் நூற்றுக்கு 8 பேர் அளவில் பற்களின் பிடிப்பை விரைந்து இழந்தனர். 81 பேர் அளவில் மெல்ல இழந்தனர். 11 பேர் அளவில் அழற்சியோடு நின்றனர். தாம் எப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது. இழந்த எலும்பு துலக்குவதால் மீள்வதில்லை. இரத்தம் மட்டுமே கசியும் முதற்கட்டமோ முற்றிலும் மீளக்கூடியது. அக்கட்டத்தில் அசட்டையாயிருப்பதே பெரும்பிழை.

வீட்டு வழக்கங்களும் தவறான எண்ணங்களும்

இரத்தத்தைக் கண்டதும் பிரஷை ஒதுக்கிவைப்பது முதலாவது தவறு. விரலும் பற்பொடியும் பல்லின் முகப்பைப் பளிச்சிடச் செய்யும்; ஈற்றின் விளிம்பையும் பல்லிடுக்கையும் அடைவதில்லை. கரி, சாம்பல், செங்கற்பொடி ஆகியவை பல்லின் மேற்பூச்சைத் தேய்த்து, ஈற்றையும் கீழிறங்கச் செய்கின்றன. ஆலங்குச்சியையும் வேப்பங்குச்சியையும் இழித்துரைக்க வேண்டியதில்லை. நுனியை நன்கு மென்று, மென்மையான நார்க்கொத்தாக்கி, விளிம்போரமாக மெல்லத் தேய்ப்பவர்க்கு அவை பயன்படும். விரைப்பான குச்சியால் குறுக்காக உரசினால் ஈறு காயப்படும். வெதுவெதுப்பான உப்பு நீர் கொப்புளிப்பது வலியைத் தணிக்கும். ஒட்டியிருக்கும் படலத்தை அகற்றாது.

இந்தியாவின் சில பகுதிகளில் புகையிலையாலேயே பல் துலக்குவோர் உண்டு. மகாராஷ்டிரத்தில் 'மிஸ்ரி', கிழக்கு மாநிலங்களில் 'குல்' என அது வழங்கும். பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இல் தடைசெய்தது. எனினும் பழக்கம் ஒழிந்துவிடவில்லை. புகைபிடிப்போரைப் பற்றி மற்றொரு செய்தியையும் கள ஊழியர் நினைவிற் கொள்ளல் நன்று. புகையிலை ஈறுகளிலிருந்து இரத்தம் கசிவதைக் குறைத்துக் காட்டும். ஆகவே, கசிவு இல்லை என்பதனாலேயே அத்தகையோர் நோயற்றவர் எனக் கருதலாகாது. உள்ளே எலும்பு அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கலாம். புகைப்பதை விட்டபின் சிலருக்குக் கசிவு சற்று மிகுவதுபோல் தோன்றும். அதனைக் கண்டு மீண்டும் புகைக்கத் தொடங்குதல் பேதைமை.

காரையை மருத்துவர் அகற்றினால் பல் ஆடிவிடும் என்ற அச்சமும் பரவலாக உள்ளது. காரை நெடுங்காலம் இறுகி நின்று, எலும்பு முன்னரே குறைந்திருந்தால், அது நீங்கியபின் ஆட்டம் புலப்படலாம். ஆட்டத்தை உண்டாக்கியது நோயேயன்றி மருத்துவரின் கருவியன்று.

பிற காரணங்களைக் காணவேண்டிய இடம்

முதற்காரணத்தை முதலில் வைப்பதனால் பிறவற்றை மறந்துவிடலாமென்பது பொருளன்று. ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குப் பால்பல் விழும் இடத்தில் சிறிது இரத்தம் காண்பது இயல்பு. பருவமெய்தும் வயதில் ஈறுகள் எளிதில் சிவந்து கசியும். கருவுற்ற பெண்களுக்கும் உடலில் சுரக்கும் பொருள்களின் மாற்றத்தால், சிறிதளவு படலமே மிகுந்த அழற்சியை உண்டாக்கும். "கர்ப்ப காலத்தில் பல்லைத் தொடலாகாது" என்ற எண்ணம் பல தாய்மாரைத் துலக்குவதினின்றும் மருத்துவரை நாடுவதினின்றும் தடுத்துவிடுகிறது. இரண்டும் அக்காலத்திலேயே மிகுதியும் தேவை.

நீரிழிவு நோயர்க்கு ஈறு நோய் விரைந்து முற்றும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். வலிப்பு நோய்க்கு வழங்கும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்திற்கு வழங்கும் ஆம்லோடிபின் போன்ற சில மருந்துகளால் ஈறு தடித்து வளர்வதுண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொள்வோர்க்குக் கசிவு மிகலாம். அவர்கள் மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் கூறுமாறு அறிவுறுத்தல் வேண்டும்.

சில அறிகுறிகளில் காலந்தாழ்த்தல் ஆபத்து. காய்ச்சலோடு ஈறுகளில் இரத்தம் கண்டால் டெங்குவின் எச்சரிக்கையாக இருக்கலாம். அந்நிலையில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைக் கொடுக்கலாகாது; உடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். உடல் வெளிறி, காரணமின்றித் தோலில் கன்றிய தடங்கள் தோன்றி, அடிக்கடி காய்ச்சல் வந்து, ஈறுகளும் வீங்கிக் கசியும் பிள்ளைக்கு இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. இரத்தப் புற்றுநோய் அவ்வாறும் வெளிப்படும். தூண்டுதலின்றித் தானே பெருகி நில்லாத கசிவுக்கும் இதுவே விதி. ஆசிரியர் நோயை நிர்ணயிக்க வேண்டியதில்லை. இவை வேறு வகையின என்று அறிந்து அனுப்பினால் போதும்.

செய்யத்தக்கவை

2013-இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ்ப் பள்ளிக் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். 2014-15-இல் தேசிய வாய்நலத் திட்டமும் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், பல் மருத்துவர்கள் பெரும்பாலும் நகரங்களிலேயே தங்கிவிடும் நாட்டில், காரை அகற்றும் வசதி கிராமத்திற்கு அருகில் கிடைக்கும்வரை இத்திட்டங்கள் நிறைவுபெறா. பரிசோதனையில் "ஈறு நோய்" என்று சீட்டில் எழுதிக்கொடுத்தபின், அச்சீட்டை எடுத்துக்கொண்டு செல்லுமிடம் 60 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்குமாயின், அக்கூலித் தொழிலாளி செல்லமாட்டார். இதனைத் துறையினர் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

ஆயினும் முதற்கட்டத்திற்கு மருத்துவர் தேவைப்படாதவர் பலர். கள ஊழியர் கூறவேண்டிய அறிவுரை சில சொற்களில் அடங்கும். மென்மையான பிரஷை ஈற்றின் விளிம்பில் சாய்வாக வைத்து, சிறு அசைவுகளாக, ஒவ்வொரு பல்லின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் மெல்லத் துலக்குக. காலையிலும் இரவு படுக்குமுன்பும் இரண்டு நிமிடம் துலக்குக. இரத்தம் வரும் இடத்தை விலக்காமல், அங்கேயே மேலும் கவனமாகத் துலக்குக. ஊசி, கம்பி ஆகியவற்றால் பல்லைக் குத்தலாகாது. ஒரு வாரத்தில் கசிவு குறையத் தொடங்கும். இரண்டு வாரம் முறையாகத் துலக்கியும் குறையவில்லையெனில், காரை இருக்கலாம். அப்போது பல் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

வகுப்பறையில் இதனை ஒரு சிறு ஆய்வாகவே நடத்தலாம். துலக்கும்போது இரத்தம் காணும் மாணவர்கள், மேற்கூறிய முறையில் 14 நாள் துலக்கி, ஒவ்வொரு காலையும் இரத்தம் கண்டதா இல்லையா என்பதை ஏட்டில் குறித்து வரட்டும். பிறர் முன்னிலையில் எவரையும் வாய் திறந்து காட்டச் சொல்ல வேண்டுவதில்லை. ஏடு அவரவரிடமே இருக்கட்டும். 1965-இல் 12 பேர் தம் ஈறுகளை நோய்ப்படுத்திக் கண்ட உண்மையை, இம்மாணவர்கள் தம் ஈறுகளை நலப்படுத்திக் காண்பர். குறையாதவர் யாரென்பதும் அவ்வேட்டிலிருந்தே விளங்கும். அவர்களை மருத்துவரிடம் அனுப்பலாம்.

ஸ்கர்வியின் பாடம் அப்படியே இருக்கட்டும்; நெல்லிக்காயின் சிறப்பும் கூறப்படட்டும். ஆனால் ஈறுகளில் இரத்தம் கசிவதன் காரணம் யாதென்று வினவும்போது, "முதலாவது, ஈற்றோரம் தங்கிய அழுக்குப் படலம், அடுத்து, பிற நோய்களும் மருந்துகளும், அரிதாக, வைட்டமின் 'சி' குறைவு" என்று கூறும் மாணவனுக்கே முழு மதிப்பெண் வழங்கவேண்டும். அவன் வீட்டிற்குச் சென்று தாயிடம் பிரஷைத் திரும்பக் கேட்பான்.